கெளுத்தி முள்ளும் பேனாக் கோடும்

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக் கெளுத்தி வாங்கினேன். மூன்று மீன். ஒவ்வொன்றுக்கும் எட்டு மீசை... எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

"முள்ளு பொல்லாதுய்யா. குடுங்க, வெட்டித் தரேன்" என்றார் மீன்கார அம்மா.

அவருடைய அரிவாள்மனையைப் பார்த்தேன். நான் நின்ற பத்து நிமிடத்தில் அதில் பதினான்கு மீன் வெட்டுப்பட்டிருந்தது. பதினான்கு மீனின் கிருமியும் என் மூன்று மீனுக்கு எதற்கு? வேண்டாம் என்றேன்.

"வூட்ல போயி குத்திக்கினு எம்மேல பழி போடாதீங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டில் உப்பும் மஞ்சளும் போட்டு ஏழு தண்ணீர் கழுவினேன். ஏழாவது தண்ணீரில் குத்தியது. வலது கட்டைவிரல்.

செவ்வாய்க்கிழமை விரல் சிவந்து, பூவன் பழம்போல் வீங்கிவிட்டது. எனக்குச் சர்க்கரை வேறு. விரலையே எடுத்துவிடுவார்களோ? மனைவி ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் இளம்பெண். முதல் கேள்வியே, "கடல் மீனா சார், ஏரி மீனா?"

குத்திய முள்ளுக்கு ஊர் எதற்கு?

"தண்ணிக்குத் தண்ணி கிருமி மாறும். மருந்தும் அதுக்குத் தக்கபடிதான்."

"கெட்டுப்போன மீனா டாக்டர்?"

"நல்ல மீனாவே இருக்கும். தோல்ல, செவுள்ல, குடல்ல எல்லா மீனுக்கும் கிருமி உண்டு. அது பாட்டுக்கு இருக்கும். நல்லா வேகவச்சா செத்துடும். முள்ளு வழியா உங்களுக்குள்ள போனதுதான் தொந்தரவு."

உங்களுக்குப் புரிகிறதா? உள்ளும் புறமும் கிருமியோடு அந்த மீன் ஏரியில் சுகமாக நீந்தியிருக்கிறது. இரண்டு வேளை குளிக்கிற நான் ஆஸ்பத்திரியில்! வேகவைத்தால் செத்துவிடும் என்றால், ஏழு தண்ணீர் எதற்கு?

சிவப்பு முடிகிற இடத்தில், கட்டைவிரலின் அடியைச் சுற்றி டாக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"சிவப்பு இதைத் தாண்டுச்சுன்னா உடனே வந்துடுங்க. கீற வேண்டியிருக்கும்."

மணிக்கு நான்கு முறை பார்த்தேன். பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுநாள் காலை பார்த்தால் — கோட்டைக் காணோம்!

சிவப்பு தாண்டிவிட்டதா, உள்ளேயே இருக்கிறதா? எதை வைத்துச் சொல்வது?

"கிருமிக்குப் போட்ட வேலிய நீங்களே புடுங்கிட்டீங்களேங்க!" என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

மறுபடி ஆட்டோ. டாக்டர் விரலை அழுத்தினார், திருப்பினார், மறுபடி அழுத்தினார்.

"வடிஞ்சிருக்கு. கீற வேணாம். இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்று புதிதாக ஒரு கோடு போட்டார்.

"கையைச் சுத்தமா கழுவுங்க சார். கோட்டை மட்டும் கழுவிடாதீங்க."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்... கோட்டை விட்டுவிட்டுக் கையை மட்டும் எப்படிக் கழுவுவது என்றுதான் தெரியவில்லை!