மாடிப்படி இறங்கி வந்த அருள்

போன மழைக்காலத்தில் ஒரு காலை, என் கணவர் சாமந்திப் பாத்திகளுக்கு நடுவே அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். தானா ராத்தா மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது.

என் பெயர் செல்வி. பிறந்த ஊர் நிலக்கோட்டை. மலாய் நாட்டில், திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் குமாரைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் என்னைப் பார்க்கும் உங்களுக்கு, நான் வெளிநாட்டுக்காரி என்பது நினைவில் இருக்காது. எனக்கே அதுவரை அந்த நினைப்பு இருந்ததில்லை. விசா புதுப்பிக்க அவர்தான் கூட்டிப்போவார். வங்கிக்கும் அவர்தான் போவார். காரும் அவர்தான் ஓட்டுவார்.

அவர் படுத்த பிறகு எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது. வங்கிக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது. எனக்கென்று ஒன்று திறக்கப் போனால், "விசாவ மொதல்ல சரி பண்ணிட்டு வாங்க" என்றார்கள். விசா முடிய ஒரு வாரம்கூட இல்லை. புதுப்பிக்கக் கணவர் நேரில் வர வேண்டும். அலுவலகமோ மலைக்குக் கீழே, வெகு தூரத்தில். வீட்டு வாசலில் கார் நிற்கிறது, என்னிடம் இந்த நாட்டு லைசன்ஸ் இல்லை. இவரை இந்த நிலையில் விட்டுவிட்டு ஊருக்குப் போ என்று சொல்லிவிட்டால்?

வங்கியிலிருந்து திரும்பிய அன்று மதியம் தேயிலைக் காட்டு அம்மன் கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தாயே, அவர் எழுந்து நடக்கணும். எங்கூட அந்த ஆபீஸ் படி ஏறணும்." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் அவர் நடக்கவில்லை. ஆனால் ரிங்லெட்டில் காய்கறி வியாபாரம் செய்யும் பார்வதி அக்கா வந்து நின்றார். நான் யாரையும் கூப்பிடவில்லை.

"என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு?"

சொன்னேன்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல? என் வேன் எதுக்கு இருக்கு லா? நாளைக்கே போலாம்."

பின்சீட்டில் அவரைப் படுக்க வைத்து, என் மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு மலை இறங்கினேன். அலுவலகம் மாடியில். போய்ப் பார்த்தால் லிஃப்ட் பழுது. அவரை அக்காவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஏறினேன்.

கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா நிமிர்ந்து பார்த்து, "சுவாமி மானா?" என்றார். மலாயில் சுவாமி என்றால் கணவர். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் சாமி எங்கே என்று கேட்டது போலத்தான் என் காதில் விழுந்தது. நானும் அதையேதானே கேட்டுக்கொண்டிருந்தேன்! பொலபொலவென்று அழுதுவிட்டேன். "பாவா... சாகிட்" என்று கீழே கையைக் காட்டினேன். கீழே இருக்கிறார், உடம்பு சரியில்லை என்று சொல்ல அவ்வளவுதான் எனக்கு வந்தது.

அந்த அம்மா ஒரு கணம் யோசித்தார். மை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். எனக்கு முன்னால் படியிறங்கி, வேனுக்குள் குனிந்து, "இவங்க உங்க மனைவியா?" என்று மலாயில் அவரிடம் கேட்டார். இவருக்கு வாய் கோணியதே தவிர வார்த்தை வரவில்லை. இடது கையை நீட்டி என் கையைப் பிடித்தார். விடவே இல்லை. அந்த அம்மாதான் மெதுவாக விரல்களைப் பிரித்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டார். அந்த அம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது.

விசா கிடைத்தது. அதை வைத்து என் பெயரில் கணக்குத் திறந்தேன். பிறகு கார் ஓட்டப் படித்தேன். முதல் தடவை ஃபெயில். அடுத்த தடவை லைசன்ஸ் வாங்கிவிட்டேன்.

இப்போது கைகால் பயிற்சிக்காக அவரை நானே தானா ராத்தாவுக்குக் கூட்டிப்போகிறேன். போன மாதம் ஒரு வளைவில், பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல்: "மெல்ல... மெல்ல போ." வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தேன், அழுதேன். அத்தனை மாதம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு, நான் ஓட்டுவதைக் குறை சொல்லித்தான்.

அவர் இன்னும் தனியாக நடக்கவில்லை. நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு படியிலும் அம்மன் எங்களைத் தனியாக நிற்க விடவில்லை. உங்களில் யாராவது வழி தெரியாமல் நின்றால், அவளிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எந்த உருவத்தில் வருவாள் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.