ஆமென் வந்தது, ஆர்டர் வரவில்லை

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் அடக்கி வைக்க முடியவில்லை.

குலசேகரத்தில் வீட்டிலேயே சிறுபயறு உருண்டைப் பலகாரமான முந்திரிக்கொத்து பொரித்து விற்கிறேன். ரப்பர் பால் வெட்டப் போன என் வீட்டுக்காரருக்குக் கால்முட்டு போன பிறகு, எங்களுக்கு இந்த அடுப்புதான் கதி.

போன கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்பு, துணிந்து இருபது கிலோ சிறுபயறும் அதற்கேற்ற தேங்காயும் வறுத்துப் பொடித்து வைத்தேன். போனில் நான் தொடங்கிய வியாபாரப் பக்கத்தை எழுநூறு பேர் பின்தொடர்கிறார்களே என்ற தைரியம். ஒரு ஆர்டரும் வரவில்லை. என் பதிவைப் பார்த்தது பத்தொன்பது பேர் என்று போன் காட்டியது. எனக்கோ எதற்கெடுத்தாலும் பயம். போனையே பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் கருப்பட்டிப் பாகு முற்றிக் கல்லாகிவிட்டது. தேங்காய் காறிவிட்டால் எல்லாம் குப்பை. உதவிக்கு வரும் இரண்டு பெண்களிடம் நாளை முதல் வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? அழுதேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் சபையின் உபவாச ஜெபத்தில் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். பெண்கள் எல்லாரும் முழங்காலிட்டு எனக்காக மன்றாடினார்கள்.

எழுந்ததும் என் பக்கத்தில் இருந்த தங்கம் அக்கா கேட்டார், “ஏட்டி, நீ கொத்து விக்கியா?”

“என்னக்கா இப்பிடிக் கேக்கிய? தினமும் போடுகேன், நீங்களும் ஆமென்னு எழுதுகியளே!”

“அது வசனத்துக்குல்லா போட்டேன்! கொத்து படம் சும்மா அழகுக்குன்னு நெனச்சேன். வெலை எங்கட்டி? நம்பர் எங்க?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஒவ்வொரு படத்திலும் பெரிதாக வேத வசனம் எழுதுவேன். வசனத்துக்குப் பக்கத்தில் விலை போட்டால் மரியாதை இல்லை என்று விலையையும் நம்பரையும் விட்டுவிடுவேன். பார்த்தவர்களும் ஆமென் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்?

ஜெபித்துக் கண்ணைத் திறந்த மறுநிமிஷமே ஆண்டவர் பதில் தந்துவிட்டார்.

அன்றைக்கே தங்கம் அக்கா போனில் வீடியோ எடுக்க, ஒரு கொத்தை உடைத்துக் காட்டி விலையையும் நம்பரையும் சொன்னேன். சொன்னது வாய்க்குள்ளேயே நின்றது. “சத்தமா சொல்லு மக்கா, களவெடுத்த சாதனமா விக்கிய?” என்றார். இரண்டாவது தடவை சத்தமாகவே சொன்னேன்.

அதை அக்கா துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்பினார். அவன் அங்கிருக்கும் நம் ஊர்க் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். மூன்றாம் நாள் என் போன் ஓயவில்லை. “ஊர்ல அம்மைக்கு ஒரு கிலோ கொண்டு குடுங்க” என்று வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கேட்டார்கள். திருவட்டாறு, இனயம் வரைக்கும் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குள் பொடி தீர்ந்து, மறுபடியும் பயறு வறுத்தோம்!

இன்று என் அடுப்பங்கரையில் நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். பெருமையடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சரி, கொஞ்சம் பெருமைதான். கர்த்தர் தந்த பெருமை.

கவலைப்படுகிற சகோதரிகளே, தொழில் விஷயம்தானே என்று மறைக்காமல் ஜெபத்தில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே வீட்டுக்கு ஓடாதீர்கள். பக்கத்தில் முழங்காலிட்டவர் உங்களிடம் ஏதாவது கேட்க நினைத்திருப்பார்.