நான் சுமந்து வந்த பை

மாட்டுங்காவில் ரயில் ஏறினால் போதும், யாரோ ஒருவர் தோளிலிருந்து புதுத் தோலின் வாசம் வந்து முகத்தில் மோதும். உடனே என் வலக்கை கனக்கும். வெறுங்கைதான். ஆனாலும் கனக்கும்.

தாராவியில் அண்ணனுக்குத் தோல்பைப் பட்டறை. கீழே தையல் மெஷின்கள், மாடியில் நாங்கள் மூவரும் இருந்த ஒற்றை அறை. மின்வணிகம், இணையத் தொழில்நுட்பம் என்று ஒரு சான்றிதழ்த் தேர்வு. அதற்கு மதினியும் நானும் ஒரே புத்தகத்தில் படித்தோம். எனக்கு ஆபீஸில் பிரமோஷன் வேண்டும். அவளுக்குப் பட்டறைக்கு வெப்சைட் போட வேண்டும். அண்ணனிடம் அப்படிச் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருந்தாள். வெளியே வேலைக்குப் போகும் பேச்சை அவன் எடுக்கவே விட்டதில்லை.

மத்தியானம் மெஷின்கள் ஓயும் ஒரு மணி நேரம்தான் எங்கள் படிப்பு. இணையக் கடையில் கூடையை நிரப்பிவிட்டு வாங்காமலே போகிறவர்களைப் பற்றி ஒரு பாடம். "ஏன் மதினி அப்படிப் போறாங்க?" என்று கேட்டால், "பாக்கதுக்குத் துட்டு கேக்கலைல்லா, கொழுந்தனாரே" என்று சிரிப்பாள். ஒருநாள் குழம்பு ஆறிப்போனதென்று அண்ணன் என் கண்ணெதிரே அவளை அறைந்தான். நான் குனிந்து பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பாடம் கடவுச்சொல். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அவளும் அதைத்தான் படித்தாள்.

தேர்வன்று, செம்பூருக்குக் கிளம்பும்போது, பட்டறையில் தைத்த பெரிய பை ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"உள்ள புத்தகமா, கல்லா மதினி?"

"தூக்குங்க, ஆம்பளதானே."

கீழே அண்ணன் மெஷினிலிருந்து தலைதூக்கி, "ஃபெயிலானாலும் சீக்கிரம் வந்து சேருங்க, சோறு பொங்க ஆள் வேணும்" என்றான். நானும் சிரித்தேன். அவன் முன்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டேன்.

முடிவு அங்கேயே திரையில் வந்துவிட்டது. அவள் பாஸ். நான் இல்லை. வாசலில் பையை வாங்கி ஜிப்பைத் திறந்து, அச்சடித்துக் கொடுத்த தாளை உள்ளே வைத்தாள். மடித்த சேலைகள், துண்டு, செருப்பு. புத்தகம் ஒன்றுகூட இல்லை. புனேயில் வேலையாம், தங்க ஹாஸ்டலாம், இந்தத் தாள் மட்டும்தான் பாக்கியாம். ரயில் டைம் சொல்வதுபோலச் சொன்னாள். ஒருத்தி வீட்டைவிட்டுப் போவதை என் கையாலேயே, அவள் புருஷன் பார்க்கப் பார்க்கத் தூக்கி வந்திருக்கிறேன்!

"அன்னைக்கு அண்ணன் அடிச்சப்ப நான்…" என்று ஆரம்பித்தேன். அவள் காத்திருக்கவில்லை. ஆட்டோவில் ஏறிப் பையை மடியில் இழுத்துக்கொண்டாள். இப்போது ரயிலில் அந்த வாசம் வரும்போதெல்லாம், ஆட்டோ கிளம்புமுன் அவள் எட்டிப் பார்த்துச் சொன்னதுதான் கேட்கிறது.

"உங்க அண்ணன் கேட்டா, நான் பாஸாயிட்டேன்னு சொல்லுங்க."