கழுதை நிற்கும் ஸ்லைடு

"இதுவும் பொய் சொல்லுது மாப்ள. அடுத்ததை எடு."

டவுன்ஹால் ரோட்டில் அழகுபாண்டியின் கேமராக் கடை. முத்திருளன் தள்ளிவைத்தது, ஸ்லைடை வைத்துப் பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட்பாக்ஸில் மூன்றாவது. எதை எடுத்தாலும் அதன்மேல் அவர் முதலில் வைப்பது, நோய் கண்டு மஞ்சளித்த நெற்பயிரின் ஸ்லைடு. பயிர் பச்சையாகத் தெரிந்தால் அந்த விளக்கு தேறாது.

வேளாண்மைத் துறைக்காக முப்பது வருடம் படம் பிடித்தவர். ஊர் ஊராகப் போய் புழுவையும் பூச்சியையும் திரையில் காட்டியவர். மந்திரியே கை நீட்டினாலும், ஃபிலிமில் கறை படியுமே என்று "எண்ணெய்க் கையா?" என்று கேட்டுவிட்டுத்தான் குலுக்குவார்.

இப்போது அவருக்கு ஒரே ஒரு ஸ்லைடுதான் கவலை. வாடிப்பட்டிப் பக்கம் அவருடைய ஊரில், காலனி மக்கள் சுடுகாட்டுக்குப் போகும் பாதையை மறித்துக் கோயில் மதில் எழுப்பியிருக்கிறார்கள். 'ஆயிரம் ஆண்டுப் பழமை' என்று போர்டு வேறு. பெயின்ட் இன்னும் காயவில்லை. போன மாதம் இறந்த மலையாண்டியைக் கரும்புக் காட்டுக்குள் புகுந்து தூக்கிப்போனார்கள், கரும்புச் சோகை இலை கிழித்த தோள்களோடு.

முத்திருளன் 1987இல் எடுத்த படத்தில் பாதை இருக்கிறது. கோயில் இல்லை. கருவறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கழுதை நிற்கிறது.

"வாகனத்தை மட்டும் முன்னாடி அனுப்பிட்டாரு போல சாமி" என்றார் அழகுபாண்டி.

"சிரிக்காத மாப்ள. பாதை விசாரணையில இந்தப் படத்தைக் காட்டுனப்ப என்னையத்தான் பாத்துச் சிரிச்சாய்ங்க."

காரணம், அவரே செய்த தவறு. சிறுமலையைப் பார்த்து எடுத்த படம். பாதை கண்மாய்க்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். அன்று அவசரத்தில் ஃபிலிமைத் திருப்பி அட்டையில் மாட்டிவிட்டார். பாதை வலப்பக்கம் போய்விட்டது. 'இது வேறு ஊர்' என்றது எதிர்த்தரப்பு. நாளை மறுவிசாரணை, அதுதான் கடைசி வாய்ப்பு. அங்கே படத்தைக் காட்டத்தான் இந்த லைட்பாக்ஸ் தேடல்.

நான்காவது லைட்பாக்ஸில் பயிர் மஞ்சளாகவே கிடந்தது.

"இவன் யோக்கியன்."

கழுதை ஸ்லைடின் அட்டையை நகத்தால் பிளந்தார். முப்பத்தெட்டு வருடத்து ஃபிலிம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மூச்சை அடக்கி, மயிரிழை மயிரிழையாகப் பிரித்தார். கிழியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்து மங்கல் பக்கம் எது, பளபளப்புப் பக்கம் எது என்று பார்த்து, மங்கல் பக்கம் அடியில் வரும்படி திருப்பிப் போட்டார். பாதை இடப்பக்கம் வந்தது.

"பாரு" என்று பூதக்கண்ணாடியை நீட்டினார்.

அழகுபாண்டி குனிந்தார். கல்லாவுக்கு மேலே சாமி படத்தைச் சுற்றி மினுக்கிக்கொண்டிருந்த சீரியல் பல்பு, ஸ்லைடின்மேல் சிவப்பும் பச்சையுமாக விழுந்தது.

"கண்ணு கூசுது மாமா. பாதை தெரியல."

முத்திருளன் எட்டி, அந்தச் சீரியல் பல்பின் சுவிட்சை அணைத்தார்.