என் கை பட்ட இரும்பு

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில், பாலிஷ் போட்ட இரும்புப் பின்களைச் சோதிப்பது என் வேலை. ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று வெறும் விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். கையுறை போட்டால் தெரியாது. என் உள்ளங்கையோ சின்ன வயதிலிருந்தே வியர்த்துக் கொட்டும். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் கொட்டும். அதற்கு வைத்தியம் உண்டு என்று யாரும் சொன்னதில்லை.

ஒருமுறை, அனுப்பிய பெட்டி ஒன்று திரும்பி வந்தது. பின்களின் மேல் விரல் அச்சாகத் துரு. சூப்பர்வைசர் சத்தம் போடவில்லை. சோதனை டேபிளில் இருந்த பெண்களை ஆளுக்கொரு பின்னை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் பிடிக்கச் சொன்னார். துரு பிடிக்காமலிருக்க வழக்கமாக முக்கும் எண்ணெயில் போடாமல், அவரவர் டோக்கன் நம்பர் எழுதிய தாளின் மேல் வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் என்னுடையது மட்டும் பழுப்பேறியிருந்தது.

"உன் கையில இன்னாம்மா, உப்புத் தண்ணியா ஓடுது? நீ வாஷிங்குக்குப் போயிடு" என்றார்.

வாஷிங் என்றால் பின்களைக் கழுவும் இடம். டேபிளில் இருப்பவர்களைத்தான் பர்மனென்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு. கழுவப் போனால் கடைசிவரை கான்ட்ராக்ட்தான். வைத்தியம் பார்த்துக்கொண்டு வருகிறேன், மறுபடி சோதித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். தலையாட்டினார்.

அக்காவோடு திருவள்ளூரில் தோல் டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா என் கையில் பழுப்பு மருந்தைப் பூசி, மேலே மாவு தூவினார். வியர்க்கும் இடம் கறுக்கும் என்றார். இரண்டு உள்ளங்கையும் முழுசாகக் கறுத்தன. பிறகு பேனாவால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு ஊசி. மரத்துப்போகக் களிம்பு தடவியும் உயிர் போனது. முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான் இது, சில மாதம்தான் நிற்கும் என்றார்.

"மிச்சம் கிச்சம் இருந்தா எனக்கு நெத்தியில ஒண்ணு போடச் சொல்லுடி" என்று அக்கா காதில் சொன்னாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

ஒரு வாரத்தில் கை காய்ந்தது. புதுவாயலில் கம்பெனி பஸ் ஏறியபோது கம்பி வழுக்கவில்லை. கட்டைவிரலில் கொஞ்ச நாள் வலு இல்லை. ஊறுகாய் பாட்டிலை அக்காவிடம்தான் நீட்டினேன். அதனால் என்ன, சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுபடி பின்னைப் பிடித்தேன். மறுநாளும் பளபளவென்று இருந்தது. டேபிளில் என் இடம் திரும்பக் கிடைத்தது.

கொஞ்ச நாளில் இன்னொரு பெட்டி திரும்பி வந்தது. ஊசிக்குப் பிறகு அனுப்பிய பெட்டி. அதே துரு, அதே விரல் அச்சு. எல்லாப் பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஊசி பவர் பூடுச்சாம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

கையை விரித்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை. எல்லோரும் மறுபடி பின் பிடித்தோம். மறுநாள் ஒன்றில்கூடத் துரு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நீங்களும் ஒண்ணு புடிச்சி வைங்க."

"நான் எதுக்கும்மா? நான் பீஸத் தொடறதே இல்லியே" என்றார், என் பின்னை எடுத்து வெறுங்கையில் உருட்டி வெளிச்சத்தில் பார்த்தபடியே.

அவர் கீழே வைத்த பின்னை நான் எண்ணெயில் போடவில்லை. மறுநாள் காலையில் அதை அப்படியே கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தேன். நடுவில் கட்டைவிரல் அச்சு, பழுப்பாக. என்னுடையதைவிடப் பெரியது.

தன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். என்னை டேபிளுக்குப் போகச் சொன்னார். கதவு வரை போனதும் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஊசி ரொம்ப வலிக்குமாம்மா?"

"உயிரே பூடும் சார்" என்றேன், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.