காத்தாடிகளை நிறுத்திய சாயங்காலம்

"காத்தடிச்சா அது தன்னால சுத்திட்டுப் போகுது. அதுக்கு ஒரு மேனேசராக்கும்?"

காற்றாலைத் தளம் ஒன்றுக்கு மேலாளராகப் போகிறேன் என்று சொன்னதும் என் பெரியப்பா கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பை முடித்து, இடுப்பில் பெல்ட் மாட்டி டவர் உச்சிவரை ஏறி வேலை கற்று, முப்பது வயதுக்குள் ஒரு தளத்தையே கவனிக்கும் பொறுப்புக்கு வந்திருந்தேன். அவரிடம் சிரித்துவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

இப்போது நான் சொல்ல வருவது இரண்டு வருடங்களுக்கு முன் ஆவணி மாதம் நடந்தது. உசிலம்பட்டி தாண்டி, மலையடிவாரத்தில் எங்கள் தளம். மதுரை கோச்சடையில் வீடு எடுத்துத் தங்கி, தினமும் ஜீப்பில் போய்வருவேன். எங்களுக்கு வருடத்தில் பெரும்பகுதி மின்சாரம் காற்று சீசனின் சில மாதங்களில்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் காற்றாடி நிற்கவே கூடாது. அதுதான் என் வேலை.

அந்த வருடம் ஆடிப்பட்டத்தில் விதைத்த சோளமும் கடலையும் வாடிக்கொண்டிருந்தன. சாயங்காலமானால் மேற்கு மலையிலிருந்து கருமேகம் திரண்டு வரும். எங்கள் காற்றாடிகளுக்கு மேலாகக் கடந்து கிழக்கே போய்விடும். ஒரு சொட்டு விழாது. தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள், காத்தாடிதான் மேகத்தை விரட்டுகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு நாள் மதியம் ஊரே திரண்டு வந்து எங்கள் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியது. உள்ளே நானும் என் ஆட்களும். மழை பெய்யும்வரை எல்லாவற்றையும் நிறுத்தினால்தான் பூட்டைத் திறப்போம் என்றார்கள்.

முன்னால் நின்றவர் மகளிர் குழுத் தலைவி. நாற்பது வயதிருக்கும். "ஏம்மா மேனேசரு, நீயும் வெள்ளாம பாக்குற சம்சாரி வீட்டுப் பிள்ளதானே? உங்க ஊர்ல இதக் கொண்டாந்து நட்டா உங்கப்பன் சும்மா இருப்பாராக்கும்?" என்றார்.

சும்மா இருக்க மாட்டார். அதனால்தான், போலீஸைக் கூப்பிடு என்று தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது வேண்டாம் என்றேன். கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னேன்: "அக்கா, இப்பவே எல்லாத்தையும் நிறுத்துறேன். மேகம் வரட்டும். மழை பேஞ்சா, இத்தனை நாள் பெய்யாததுக்குக் காத்தாடிதான் காரணம்னு நானே மேல எழுதிக் கொடுக்கிறேன். பெய்யலைன்னா பூட்டைத் திறக்கணும்."

கூட்டம் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்டது. என் ஷிப்ட் இன்ஜினீயர் என் காதருகே வந்து, "மேடம், பேஞ்சு தொலைச்சிருச்சுன்னா?" என்றார். உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான். ஆவணி மேகத்தை யார் நம்ப முடியும்? ஆனாலும் காற்றாடி மேகத்தைத் தொடாது என்பது எனக்குத் தெரியும். கன்ட்ரோல் ரூமுக்குப் போய் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். நல்ல காற்றில் இறக்கைகள் அசையாமல் நின்றன.

எல்லோரும் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தோம். மேகம் வந்தது. "மாப்ள, குடையக் கொண்டாந்திருக்கலாம்டா" என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. என் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. யாருக்கும் தெரியாமல் சேலையில் துடைத்துக்கொண்டேன். நல்லவேளை, அதற்கு மேல் விழவில்லை. நின்றிருந்த காற்றாடிகளுக்கு மேலாக மேகம் வழக்கம்போல ஊர்ந்து கிழக்கே போனது.

அப்போது தலைவி அக்காவுக்குப் போன் வந்தது. அவருடைய தம்பி, கிழக்கே அடுத்த ஊரிலிருந்து பேசினார். அங்கே வேறொரு கம்பெனியின் காற்றாடிகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, மழை கொட்டுகிறதாம்.

அக்கா அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். உடனே பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அப்படின்னா அந்தக் காத்தாடி நம்ம மேகத்த இழுத்துக்கிருச்சுடா!" என்றார். கூட்டமே வெடித்துச் சிரித்தது. பூட்டைத் திறந்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன்.

கிளம்பும்போது அக்கா மட்டும் நின்றார். "மேகத்த நீங்க வெரட்டலன்னே வச்சுக்குவோம் பாப்பா. போன ஐப்பசியில நல்லாத்தேன பேஞ்சுச்சு? கம்மாயி ஏன் நெறையல? முன்னெல்லாம் அம்புட்டு மழைக்கு நெறஞ்சு வழிஞ்சு மறுகால் பாயுமே" என்றார்.

அந்தக் கேள்வியோடு ஜீப்பில் ஏறினேன். ஜெயித்த சந்தோஷம் உசிலம்பட்டி வருவதற்குள் கரைந்துவிட்டது.

மறுநாள் காலை ஜீப்பை நிறுத்திவிட்டு, மலையடிவாரத்திலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்காலில் நடந்தேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்பதை மணலைப் பார்த்தே சொல்லத் தெரிந்த வீட்டில் பிறந்தவள் நான். பாதி வழியில் கால்வாய் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. அந்த மேடு எங்கள் பாதை. காற்றாடி நட வந்த கிரேனுக்காக, நான் வருவதற்கு முன்பே போட்டது. அடியில் வைத்திருந்த சிறிய சிமெண்ட் குழாய்கள் மண் மூடிக் கிடந்தன. வந்த தண்ணீரெல்லாம் பாதை ஓரமாகவே திரும்பி, கண்மாய்க்குச் சம்பந்தமில்லாத ஓடையில் போய் விழுந்திருக்கிறது. அந்தப் பாதையில்தான் நான் தினமும் ஜீப்பில் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஊர்க்காரர்கள் சொன்னதில் பாதி உண்மை. எங்களால்தான் அவர்களுக்குத் தண்ணீர் இல்லாமல் போனது.

தலைமை அலுவலகத்தில், அது நம் பொறுப்பில்லை, பாதை போட்ட காண்ட்ராக்டர் எப்போதோ போய்விட்டார் என்றார்கள். மறுபடி பூட்டு விழுந்தால் என் பேச்சால் அதைத் திறக்க முடியாது, அன்று அவர்கள் சொல்வதுதான் நியாயமாக இருக்கும் என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது சம்மதம் கிடைத்தது. காற்று குறைந்ததும் பொக்லைனை வைத்துப் பாதையை அறுத்து, ஆள் குனிந்து போகிற அளவுக்குப் பெரிய குழாய்களைப் பதித்தோம். கண்மாய்ப் பக்கத்துக் கால்வாயை ஊர்க்காரர்கள் தூர்வாரினார்கள். "காத்தாடி மேனேசரு இப்பக் கம்மாயி மேனேசரு ஆயிட்டா" என்று அக்கா என்னை ஓட்டிக்கொண்டே மண் அள்ளினார்.

அந்த ஐப்பசியில் கண்மாய் நிரம்பி வழிந்துவிடவில்லை. பாதிக்கு மேல் வந்தது. முதல் தண்ணீர் எங்கள் பாதைக்கு அடியில் சலசலத்துப் போனதைக் கேட்டபோது, எந்த மிஷின் ஓடும்போதும் வராத பெருமை எனக்கு வந்தது.

ஒருவர் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம். அதை நிரூபித்த கையோடு அவருடைய கஷ்டத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதை அந்த மண்மேட்டின் முன் நின்றுதான் கற்றுக்கொண்டேன். இப்போது இன்னொரு தளம் வரப்போகிறது, அதற்கும் நான்தான் மேலாளர். அங்கே இன்னும் ஒரு கிரேன்கூட வரவில்லை. ஆனால் போன வாரமே அந்த ஊர் ஆட்களோடு வரத்துக்கால்கள் முழுவதையும் நடந்து பார்த்து, வரைபடத்தில் இரண்டு பாதைகளை மாற்றிப் போடச் சொல்லி அனுப்பிவிட்டேன்.