அடித்த பிறகு ஒரு முழம்

என் அண்ணன் வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். கண்ணாடிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது அண்ணியின் வேலை. நான் மாடியில் உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுப்பேன். வீடு மாறுகிறவர்கள் எல்லோரும் பாதி அழுகையில் இருப்பார்கள். அவர்களிடம் எரிந்து விழாமல் பேசுவதே பெரிய வேலை. எங்கள் மூன்று பேரையும் மேற்பார்வை பார்க்க ஒரு நாய். யார் என்ன செய்தாலும் பின்னால் வந்து நின்று, குற்றம் கண்டுபிடிப்பதுபோல் முறைக்கும். அதனால் அதை மேனேஜர் என்று கூப்பிட்டோம்.

நான் சொல்ல வந்தது அண்ணியைப் பற்றி. பதினெட்டு வருடத்தில் அவள் சுற்றிய ஒரு கோப்பைகூட விளிம்பு உடைந்து போய்ச் சேர்ந்ததில்லை. "அந்தக் கைராசிக்கார அம்மா வருவாங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் பலபேர் தேதியே சொல்வார்கள். அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வேனை நிறுத்தும் கொட்டகை வீட்டை ஒட்டி இருக்கிறது, இரண்டு பக்கமும் சுவர். அண்ணன் ரிவர்ஸ் எடுக்கும்போது அண்ணி பின்னால் நின்று வேன் தகரத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வருவாள். அப்படித் தட்டினால் வா என்று அர்த்தம். ஓங்கி ஒரே அடி அடித்தால் நில்.

"அவ அடிச்ச பிறகும் ஒரு முழம் பாக்கி இருக்கும். பயந்தாங்கொள்ளி, முன்னாடியே அடிச்சிடுவா" என்பான் அண்ணன், அவள் இல்லாத நேரமாகப் பார்த்து. அடி விழுந்த பிறகும் அந்த ஒரு முழத்தை உருட்டிவிட்டுத்தான் பிரேக் போடுவான். பிரேக் பிடித்து வண்டி நிற்க அவ்வளவு தூரம் ஆகும் என்றே அண்ணி நினைத்திருந்தாள். நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மேனேஜர் சுவரோரமாகக் கொட்டகைக்குள் நுழைந்தது. அண்ணி ஓங்கி அடித்தாள். அந்தச் சத்தம் மாடியில் எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதை எழுத எனக்குக் கை வரவில்லை. நான் படியிறங்கி ஓடியபோது அண்ணன் வண்டியிலிருந்து குதித்து, முகமெல்லாம் வெளிறிப்போய், அண்ணியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்: "ஏன் இவ்ளோ லேட்டா அடிச்சே?"

மேனேஜருக்கு இடுப்பெலும்பு மூன்று துண்டு. இடது பின்னங்கால் எலும்பும் முறிந்திருந்தது. நான்கு மணி நேரம் ஆபரேஷன் செய்து தகடும் திருகும் வைத்தார்கள். நாய் டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "எலும்பு சேந்துடும். நரம்புதான் நசுங்கியிருக்கு. எட்டு வாரத்துல காலை ஊனலைன்னா, இழுத்து இழுத்துப் புண்ணாகும். அப்புறம் காலையே எடுக்க வேண்டியதுதான்" என்றார்.

அண்ணி கூடத்தின் மூலையில் பலகை வைத்துத் தடுப்பு கட்டினாள். தரை வழுக்கக் கூடாது என்று, பீரோக்களுக்குச் சுற்றும் கனத்த போர்வைகளை விரித்தாள். வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துப் பின்பாதியைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை அந்தக் காலை மடக்கி நீட்டினாள், வேளைக்குப் பதினைந்து தடவை. பாதம் உள்பக்கமாக மடங்கி நகம் தரையில் உரசும். ஒவ்வொரு தடவையும் அதைப் புரட்டிச் சரியாக ஊன்றிவைப்பாள். புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலோடு மேனேஜர் அவளை முறைத்துக்கொண்டே இருக்கும். வேலை அதற்குத் திருப்தியில்லை போலிருக்கிறது.

ஆனால் கண்ணாடியைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். "என் கை சரியில்ல. வேற ஆளைப் பாருங்க" என்றாள். உட்கார்ந்தால் வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வாள். சாயங்காலம் வேன் தெருவுக்குள் நுழையும் நேரம் வந்தால் பின்கட்டுக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிடுவாள். பாத்திரம் எதுவும் இருக்காது. தண்ணீர் சும்மா ஓடும். எஞ்சின் அணைந்த பிறகுதான் மூடுவாள். அண்ணன் வேனைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, தன் வீட்டுக்கே விருந்தாளிபோல் உள்ளே வருவான்.

மத்தியானத் தூக்கத்தில் மேனேஜரின் கால்கள் ஓடும். நான்கும்தான், அந்தச் செத்த காலும் சேர்ந்து. ஒருநாள் அண்ணி அதைப் பார்த்தபடியே சொன்னாள்: "கனவுல ஓடுது பாரு. முழிச்சா ஏன் ஓட மாட்டேங்குது? கனவுல நான் சரியான நேரத்துக்கு அடிச்சிட்டேனோ என்னவோ." அதன் பிறகு அந்தக் கூடத்தில் தனியாக உட்காரவே பயந்தேன்.

மூன்றாவது வாரம் ஆர்டர் சீட்டைக் கொடுக்க வேனுக்குப் போனேன். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான்.

"அவ சரியாத்தான் அடிச்சா. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. வழக்கம்போல அந்த ஒரு முழத்தை விட்டேன்" என்றான்.

"அப்ப ஏண்ணா அவங்களைப் பார்த்து அப்படிக் கத்தினே?"

"வாயில வந்துடுச்சு."

"போய்ச் சொல்லு. இப்பவே போ."

"நாய் காலை ஊனட்டும். அதுக்கப்புறம் சொல்றேன். இப்ப சொன்னா தாங்க மாட்டா."

தாங்க மாட்டாள் என்று அவன் சொன்னது தன்னைப் பற்றித்தான். அது புரிந்தும் நான் தலையாட்டிவிட்டு மாடியேறினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதிலிருந்து அந்தக் கால் எங்கள் மூன்று பேரின் கழுத்திலும் தொங்கியது. அண்ணி கால் தேற வேண்டும் என்று கிடந்தாள். நான் அது தேறினால் வாயைத் திறக்கலாம் என்று காத்திருந்தேன். அண்ணன் அதை ஆசையோடு பார்த்தானா பயத்தோடு பார்த்தானா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஏழாவது வாரம், மடித்த போர்வையைத் தாண்டும்போது மேனேஜர் அந்தப் பாதத்தைத் தானாகவே புரட்டி ஊன்றியது. கால் வெடவெடவென்று ஆடியது, ஆனாலும் நின்றது. அண்ணி துண்டைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். நான் அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"இப்பத்தான் சிரிக்கிறா. அதையும் கெடுக்கணுமா?" என்றான் பிறகு, படியில் வைத்து.

"நீ ஒரு மனுஷனா?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்ட நானும் அண்ணியிடம் போய்ச் சொல்லவில்லை.

எட்டாவது வாரம் மூன்று பேரும் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நாயை நடக்கவிட்டுப் பார்த்தார். "காலை எடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் நொண்டும், அவ்வளவுதான். இது உங்க கை செஞ்ச வேலைம்மா" என்றார்.

அண்ணி தன் கையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "டாக்டர், உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல வீடு ஏதாவது இருக்கா? வண்டி இல்லாத வீடா?"

"எதுக்கு?"

"இதை அங்க விட்டுடலாம்னு. அது தேறிடுச்சு, நான்தான் தேறல. இன்னொரு தடவை நான் லேட்டா அடிச்சா இது பிழைக்காது." ரொம்ப நாள் யோசித்து முடிவு செய்தவள் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். மேனேஜர் அவள் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தான். "நீ லேட்டா அடிக்கல" என்றான்.

"பரவால்லங்க, எனக்காகச் சொல்ல வேணாம்."

"லேட்டா அடிக்கல. நேரத்துக்கு அடிச்சே. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் நிறுத்தல."

அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு முழக் கணக்கை அவன் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். எட்டு வாரம் சுமந்த பாரம் இறங்கிவிடும், அழுவாள், திட்டுவாள், என்றெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

அண்ணன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எப்பவுமே அப்படித்தான்."

"அப்ப பதினெட்டு வருஷமா நான் அடிச்சு வண்டி நின்னதே இல்லையா?"

டாக்டரம்மா எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். அதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

அவள் தலையசைத்தாள். நாயைத் தட்டி எழுப்பி, தானே வெளியே நடத்திக்கொண்டு போய், ஓர் ஆட்டோ பிடித்து அதோடு வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் வேனில் வந்தோம்.

மேனேஜர் எங்களோடுதான் இருக்கிறது. அடுத்த வாரமே அண்ணி கண்ணாடி சுற்ற உட்கார்ந்துவிட்டாள். கை பழையபடி ஓடுகிறது, ஒரு கீறல் இல்லை. குழாயையும் இப்போது சும்மா திறந்துவிடுவதில்லை. வேன் வந்தால் வரட்டும் என்று இருக்கிறாள். என்னிடம் பேசுகிறாள், கேட்டதற்கு மட்டும்.

சாயங்காலம் நாயை நடத்துவது இப்போது அண்ணன் பொறுப்பு. கால் களைத்துவிட்டால் உடனே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வீங்கிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். களைப்பை நடுக்கம் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கத் தெரிந்தவள் அண்ணி ஒருத்திதான். அண்ணன் நாயின் வயிற்றுக்கடியில் கொடுத்த துண்டைப் பிடித்தபடி கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "போதுமா?" என்று கேட்கிறான். அண்ணி கையில் இருக்கும் கோப்பையை விட்டுக் கண்ணை எடுத்து, நாயின் காலைப் பார்ப்பாள். பிறகு அடுத்த காகிதத்தை எடுப்பாள். பதில் சொல்ல மாட்டாள்.